படம் வரும் வழி: எச்டி தொலைக்காட்சியைத் தேர்வதும் இணைப்பதும்

புது டிவி வாங்கப் போகும் குடும்பம் கடையில் நான்கு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறது. எத்தனை இன்ச், எந்தக் கம்பெனி, என்ன விலை, எத்தனை வருட வாரண்டி. இந்தப் பெட்டிக்குள் படம் எந்த வழியாக வரப்போகிறது என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. டிவியைச் சுவரில் மாட்ட வந்தவர், பழைய செட்டாப் பாக்ஸில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை எடுத்துப் புது டிவியில் செருகிவிட்டுப் போகிறார். படம் தெரிகிறது, சத்தம் கேட்கிறது, எல்லோருக்கும் திருப்தி. திரையில் இருபது லட்சம் புள்ளிகள் இருந்தும் அந்த வீட்டார் பார்ப்பது பழைய 576 வரிப் படத்தைத்தான். அந்த ஒயரால் அதற்கு மேல் கொண்டுவர முடியாது.

பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய துல்லியம், இருநூறு முந்நூறு ரூபாய் ஒயர் இல்லாததால் கண்ணுக்கு எட்டாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரை வழக்கமான வரிசையில் போகாது. எவ்வளவு தூரத்தில் உட்காருகிறோம், எதைப் பார்க்கிறோம், அது எப்படி வந்து சேருகிறது என்பவை முடிவான பிறகுதான் எந்த டிவி என்ற கேள்விக்கே பொருள் உண்டு என்பது என் நிலைப்பாடு.

உயர்துல்லியத் தொலைக்காட்சியை உருவாக்கியவர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே, 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த கையோடு இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியது. தகாஷி ஃபுஜியோ போன்ற பொறியாளர்கள் முதலில் ஆராய்ந்தது பார்ப்பவரின் கண்ணை. படத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால், படம் பார்வையில் ஏறக்குறைய 30 பாகை அகலத்தை நிரப்பும். பார்ப்பவருக்குக் காட்சிக்குள் இருப்பது போன்ற உணர்வு அங்கேதான் பிறக்கிறது. அவ்வளவு நெருங்கியும் வரிகள் தனித்தனியே தெரியாமல் இருக்க ஆயிரத்துக்கு மேற்பட்ட வரிகள் வேண்டும். அவர்களுடைய 1125 வரி முறை அப்படி வந்தது. இன்றைய 1080 அதன் வாரிசு.

திரையின் அகல வடிவத்துக்கும் ஒரு நல்ல கதை உண்டு. அமெரிக்காவில் ஆர்சிஏ ஆய்வகத்தைச் சேர்ந்த கெர்ன்ஸ் பவர்ஸ், 1980களில் திரைப்படங்களும் தொலைக்காட்சியும் பயன்படுத்திய வெவ்வேறு வடிவங்களைச் சம பரப்புள்ள செவ்வகங்களாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாச் செவ்வகங்களையும் உள்ளடக்கும் வெளிச் சட்டமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உள் சட்டமும் ஒரே விகிதத்தில் அமைந்தன. அதுவே 16:9 ஆனது. ஆகவே நம் டிவித் திரை எந்தச் சினிமாவின் சொந்த வடிவமும் அல்ல, எல்லாவற்றுக்கும் நடுவே எட்டிய உடன்பாடு. சினிமாஸ்கோப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது இதனால்தான். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 1973ஆம் ஆண்டின் ‘ராஜராஜ சோழ’னை முழு அகலத்தில் பார்க்க அந்தப் பட்டைகள் தேவை. 1952ஆம் ஆண்டின் ‘பராசக்தி’க்குப் பட்டைகள் இடமும் வலமும் வர வேண்டும். “திரை வீணாகிறதே” என்று ரிமோட்டை அழுத்திப் படத்தை இழுத்துவிட்டால் முகங்கள் அகன்று, நடிகர்கள் எல்லோரும் குள்ளமாகிவிடுகிறார்கள். ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்து வைத்த சட்டகத்துக்கு அது மரியாதை அல்ல.

இந்தியாவில் தூர்தர்ஷன் 2010 டெல்லி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை எச்டியில் ஒளிபரப்பியது. தனியார் டிடிஎச் நிறுவனங்களும் அதே காலத்தில் எச்டி சேனல்களைக் கொண்டுவந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்தவை 14 இன்ச் குழாய்ப் பெட்டிகள். அவற்றில் படம் நன்றாகவே இருந்ததாக நமக்கு நினைவு. நினைவு பொய்யில்லை. அந்தத் திரையின் உயரம் 21 சென்டிமீட்டர். 576 வரிகள் அதற்குள் நெருக்கமாக அடங்கின. அதே 576 வரியை 43 இன்ச் திரையின் 53 சென்டிமீட்டர் உயரத்தில் பரப்பினால் ஒவ்வொரு வரியும் இரண்டரை மடங்கு பருக்கிறது. “பழைய டிவியே தேவலாம்போல இருக்கு” என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அவர்கள் கண்ணைக் குறை சொல்லாதீர்கள். செட்டாப் பாக்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இனி அளவு. சராசரிக் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைத்தான் பிரித்துக் காணும். கூர்மையான கண் இன்னும் கொஞ்சம் காணும். நம் கூடங்களில் சோபாவுக்கும் சுவருக்கும் எட்டு அடி இருந்தால் அதிகம். எட்டு அடியில் கண் பிரித்தறியும் மிகச் சிறிய புள்ளி ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். 43 இன்ச் முழு எச்டி திரையில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர்தான், அதாவது ஏற்கெனவே கண்ணின் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. அதே அளவில் 4கே வாங்கினால் நான்கு மடங்கு புள்ளிகள் கிடைக்கும், ஆனால் அவற்றைக் காண ஐந்தரை அடிக்குள் நாற்காலியை நகர்த்த வேண்டும். 55 இன்ச் திரையில் அந்த எல்லை ஏழு அடி. 65 இன்சில்தான் எட்டடித் தூரத்திலிருந்தே 4கேயின் பலன் தெரியத் தொடங்குகிறது.

இதை வைத்து 4கே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 43 இன்சும் அதற்கு மேலும் இன்று கடையில் இருப்பவை பெரும்பாலும் 4கேதான், நல்ல திரைகளும் அந்த வரிசையிலேயே வருகின்றன. 4கே என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள் என்பதே நான் சொல்வது. 8கே பற்றி ஒரு வரி போதும்: நம் வீடுகளுக்கு இப்போது அது தேவையில்லை. கண்ணுக்கும் மனசுக்கும் உடனே தெரிவது திரையின் பரப்பு. எட்டடித் தூரத்துக்கு அந்த 30 பாகைக் கணக்கு ஏறக்குறைய 59 இன்சைக் காட்டுகிறது. ஆகவே 43 இன்ச் உயர்ரக மாடலா, 55 இன்ச் நடுத்தர மாடலா என்று தடுமாறுபவருக்கு என் விடை 55. 2025 செப்டம்பரில் 32 இன்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, அதனால் இந்த விடையைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம் குறைந்திருக்கிறது.

‘எச்டி ரெடி’ என்று விற்கப்படும் 32 இன்ச் டிவிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அவற்றின் திரையில் வழக்கமாக இருப்பவை 1366க்கு 768 புள்ளிகள். 720 வரிப் படமும் அதில் நேராகப் பொருந்தாது, 1080 வரிப் படமும் பொருந்தாது. எது வந்தாலும் டிவி அதை நீட்டியோ சுருக்கியோதான் காட்டும். படுக்கையறைக்குப் போதும். கணினியை இணைத்து எழுத்துகளைப் படிக்க நினைப்பவருக்கு ஆகாது.

புள்ளிகளின் எண்ணிக்கையைவிட, கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்கிறது என்பதே ஒரு திரையின் தரத்தைச் சொல்லும். எல்சிடி திரையில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் உள்ள திரவப் படிகங்கள் அதை மறைக்கும். முழுவதும் மறைக்க முடியாது என்பதால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். ஐபிஎஸ் வகைத் திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நிற்கிறது. விஏ வகையில் மூவாயிரம், அதற்கு மேலும் போகும். பக்கவாட்டில் உட்காருபவர்களுக்கு ஐபிஎஸ் நல்லது. விளக்கை அணைத்துவிட்டு நேரே உட்கார்ந்து படம் பார்ப்பவர்களுக்கு விஏ. எங்கள் பக்கத்தில் கிரிக்கெட் நடக்கும் நாளில் கூடத்தின் மூன்று பக்கமும் ஆள் உட்கார்ந்திருப்பார்கள், அப்படிப்பட்ட வீடுகள் ஐபிஎஸ்ஸை யோசிக்கலாம்.

க்யூஎல்இடி என்ற பெயரைப் பார்த்து அது புது இனம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் எல்சிடிதான். பின்விளக்கின் நிறத்தைத் தூய்மையாக்க குவாண்டம் புள்ளிகள் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் புள்ளிகளைக் கண்டறிந்து உருவாக்கிய மூவருக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நிறம் மேம்படுவது உண்மை, கறுப்பு அதனால் மட்டும் மேம்படாது. மினி எல்இடி என்பது பின்விளக்கை நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிறு பகுதிகளாகப் பிரித்துத் தேவையான இடத்தில் மட்டும் எரிய விடுவது. ஓஎல்இடியில் பின்விளக்கே இல்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். இரவுக் காட்சிக்கு அதற்கு இணை இல்லை. ஆனால் நாள் முழுவதும் ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டில், அசையாமல் நிற்கும் சேனல் முத்திரையும் கீழே ஓடும் பட்டையும் காலப்போக்கில் திரையில் தடமாகப் பதியக்கூடும். அந்த வீட்டுக்கு நான் ஓஎல்இடியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வெளிச்சத்துக்கும் இருளுக்குமான வீச்சைக் கூட்டும் எச்டிஆர் விஷயத்தில்தான் பெட்டி மேல் அச்சிட்ட சொல்லுக்கும் திரைக்கும் தூரம் அதிகம். திரையின் ஒளியை நிட் என்ற அலகால் அளக்கிறார்கள். சாதாரணப் படம் 100 நிட் ஒளியை உச்சமாக வைத்துத் தயாராகிறது. எச்டிஆர் படத்தை 1000 நிட், சில சமயம் 4000 நிட் வரை வைத்துத் தயாரிக்கிறார்கள். மலிவு டிவி 250, 300 நிட்டுக்கு மேல் போகாது. எச்டிஆர் சிக்னலை அது ஏற்றுக்கொள்ளும், ‘எச்டிஆர்’ என்று மூலையில் எழுதியும் காட்டும். ஆனால் வெயிலும் தீச்சுடரும் வெயிலாகவும் தீயாகவும் தெரியாது. பல நேரம் படம் முன்னைவிட மங்கலாக இருக்கும். எச்டிஆர்10 எல்லா எச்டிஆர் டிவியிலும் உண்டு. டால்பி விஷன் வேண்டும் என்பவர், சாம்சங் டிவிகளில் அது இல்லை, அங்கே எச்டிஆர்10 பிளஸ்தான் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இனி ஒயர்கள். மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒரே சிக்னலில் கலந்து வருகின்றன. டிவி அவற்றைத் திரும்பப் பிரிக்கும்போது முழுமையாகப் பிரிக்க முடிவதில்லை. கட்டம்போட்ட சட்டையில் வானவில் நிறம் ஓடுவதும், எழுத்தின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்வதும் அதனால்தான். எஸ்-வீடியோ அந்த இரண்டையும் தனித்தனியே அனுப்பியது. பச்சை, நீலம், சிவப்பு என மூன்று முனைகள் கொண்ட காம்பொனன்ட், எச்டி படத்தையே கொண்டுவரும் வல்லமை பெற்றிருந்தது. அது தோற்றதற்குத் தரம் காரணமில்லை. அந்த வழியில் வரும் படத்தைப் பூட்ட முடியாது, யார் வேண்டுமானாலும் பதிவுசெய்யலாம் என்று திரைப்பட நிறுவனங்கள் அஞ்சின. 2010க்குப் பிறகு வந்த ப்ளூ-ரே பிளேயர்களில் காம்பொனன்ட் வழியாகச் சாதாரணத் துல்லியம் மட்டுமே போக வேண்டும் என்று விதி வந்தது, 2013க்குப் பிறகு அதுவும் நின்றது.

எச்டிஎம்ஐயின் முதல் விவரக்குறிப்பு 2002 டிசம்பரில் வந்தது. ஹிட்டாச்சி, பானாசோனிக், பிலிப்ஸ், சோனி, தோஷிபா உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது அது. 19 கம்பி முனைகள், படமும் ஒலியும் டிஜிட்டலாக ஒரே ஒயரில், கூடவே எச்டிசிபி என்ற பூட்டு. 2009இன் 1.4, 4கே படத்தை நொடிக்கு 30 சட்டகமாகக் கொண்டுவந்தது. 2013இன் 2.0, நொடிக்கு 18 கிகாபிட் கொண்டுசென்று அதை 60 சட்டகமாக்கியது. 2017இன் 2.1, 48 கிகாபிட்டும் 4கேயில் 120 சட்டகமும் தந்தது. செட்டாப் பாக்ஸ், ஓடிடி, ப்ளூ-ரே எதற்கும் 18 கிகாபிட்டுக்கு மேல் தேவையில்லை. அதற்கு மேல் கேட்பவை பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் போன்ற விளையாட்டுக் கருவிகளும் நல்ல கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினிகளும்தான்.

‘எச்டிஎம்ஐ 2.1’ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உரிமத்தை நிர்வகிக்கும் அமைப்பே 2021இல் அதைத் தெளிவாக்கியது: இனி 2.0 என்று தனியே ஒன்று இல்லை, 2.1இன் புது வசதிகள் எவையும் கட்டாயமும் இல்லை. அதனால் 60 ஹெர்ட்ஸ் திரை கொண்ட, 18 கிகாபிட்டைத் தாண்டாத டிவியும் 2.1 என்ற பெயரில் முறைப்படியே விற்பனைக்கு வரலாம். பதிப்பு எண்ணைக் கேட்காமல் வசதியைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: 4கே 120 ஹெர்ட்ஸ் எத்தனை போர்ட்டில் வேலை செய்யும்? விளையாட்டின் வேகத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் விஆர்ஆர் உண்டா? சவுண்ட்பாருக்கு ஒலி அனுப்பும் இஏஆர்சி எந்தப் போர்ட்டில்? நான்கு போர்ட்டிலும் ஒரே வசதி இருப்பது அபூர்வம்.

எச்டிஎம்ஐ கேபிள் விலையைப் பற்றிய மயக்கமும் தீர வேண்டும். டிஜிட்டல் சிக்னல் வந்து சேர்ந்தால் முழுதாகச் சேரும். சேராவிட்டால் திரை கறுக்கும், வெள்ளைப் பொறிகள் பறக்கும், படம் விட்டுவிட்டு வரும். தங்க முலாம் பூசிய ஐயாயிரம் ரூபாய் கேபிள் நிறத்தை அழகாக்காது. பார்க்க வேண்டியது சான்று முத்திரை ஒன்றைத்தான். 18 கிகாபிட்டுக்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’, 48க்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’. உறையில் உள்ள முத்திரையைக் கைபேசியால் ஸ்கேன் செய்து உண்மைதானா என்று சரிபார்க்கலாம். மூன்று மீட்டருக்குள் சிக்கல் வராது. சுவருக்குள் பத்து மீட்டர் ஓட்டுவதாக இருந்தால் கண்ணாடி இழைக் கேபிள் போட வேண்டும். அதற்கு டிவி முனை, கருவி முனை என்று திசை உண்டு என்பதால், பூசுவதற்கு முன்னால் ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஒலிக்கான வழி எதிர்த்திசையில் போகிறது. டிவிக்குள்ளேயே ஓடும் செயலிகளின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்ப ‘ஏஆர்சி’ என்று எழுதிய ஒரு குறிப்பிட்ட போர்ட்டில்தான் ஒயரைச் செருக வேண்டும். வேறு போர்ட்டில் செருகிவிட்டுச் சவுண்ட்பார் கெட்டுவிட்டதாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி, சுருக்கப்படாத பல சேனல் ஒலியையும் கொண்டுபோகும். 1983இல் தோஷிபா கொண்டுவந்த ஆப்டிகல் கேபிளால் அது முடியாது, ஆனால் பழைய ஹோம் தியேட்டருக்கு இன்றும் அது நம்பகமான துணை.

சரியான ஒயரைச் செருகிய பிறகும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. எச்டி செட்டாப் பாக்ஸின் அமைப்புகளுக்குள் போய், வெளியீடு 576 என்றோ 720 என்றோ இருந்தால் 1080க்கு மாற்றுங்கள். நம் எச்டி சேனல்களில் பெரும்பாலானவை 1080 வரி இன்டர்லேஸ்டு முறையில் வருகின்றன: நொடிக்கு 50 முறை, முறைக்கு 540 வரி, ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் மறுமுறை. அவற்றைப் பின்னிச் சேர்க்கும் வேலையைப் பெரும்பாலும் செட்டாப் பாக்ஸைவிட டிவி நன்றாகச் செய்யும், அதனிடமே விட்டுவிடலாம். 4கே கருவிகளுக்கு டிவியின் பக்கத்திலும் ஒரு பூட்டைத் திறக்க வேண்டியிருக்கலாம்: சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’. இது அணைந்திருந்தால் போர்ட் குறைந்த வேகத்தில்தான் இயங்கும். படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஃபிட் டு ஸ்கிரீன்’ என்ற தேர்வைத் தேடுங்கள்.

பிறகு, ‘விவிட்’ பயன்முறையை மாற்றிவிடுங்கள். கடையின் வெள்ளை விளக்குகளுக்கு நடுவே கண்ணைப் பறிக்க அமைத்தது அது. வீட்டில் தோல் நிறத்தை நீலமாக்குகிறது. ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ பயன்முறை முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், மூன்றாம் நாள் அதுதான் சரி என்று கண் சொல்லும். சினிமா நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுகிறது. இடையில் இல்லாத சட்டகங்களை டிவி தானே கற்பனை செய்து நிரப்பும் வசதியை இயக்கிவிட்டால், மணிக்கணக்கில் ஒளியமைத்து எடுத்த காட்சி மெகா சீரியல் போல் வழவழவென்று ஆகிவிடுகிறது. டாம் குரூஸ் 2018இல் இதை அணைக்கச் சொல்லி ஒரு காணொளியே வெளியிட்டார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிடியில் நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்கு நொடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம் போதும் என்கிறது. விலை மலிந்த ஆண்ட்ராய்டு பெட்டிகளில் வைட்வைன் எல்1 என்ற சான்று இருக்காது. அது இல்லையென்றால் எவ்வளவு சந்தா கட்டினாலும் பல செயலிகள் 480 வரிப் படத்தையே தரும்.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது மின் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் நமக்கு உண்டு. மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளையும் செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்ற வேண்டும். மின் பிளக் கழன்றிருந்தாலும் அந்த வழியாக வரும் பாய்ச்சல் எச்டிஎம்ஐ ஒயரில் ஏறி டிவியின் போர்டையே எரித்துவிடும். எர்த் சரியில்லாத வீடுகளில் எச்டிஎம்ஐயைச் செருகும்போது இரண்டு கருவிகளையும் அணைத்துவிட்டுச் செருகுவது நல்லது.

பழைய மூன்று கலர் துளைகள் புது டிவிகளில் மறைந்துவருகின்றன. சிலவற்றில் அதற்குப் பதிலாக 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்றும், பெட்டிக்குள் ஒரு குட்டி இணைப்பானும் வரும், குப்பையோடு அதைப் போட்டுவிடாதீர்கள். அந்த மூன்று கலர் ஏவி இணைப்பை எச்டிஎம்ஐயாக மாற்றும் சிறு பெட்டி ஒயரைப் பொருத்த உதவும், துல்லியத்தைக் கூட்டாது. கல்யாண வீடியோ கேசட் வைத்திருப்பவர்களுக்கு இது அவசரமான செய்தி. விஎச்எஸ் பிளேயர்களைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் நிறுத்திவிட்டது. நாடாவின் காந்தப் பூச்சும் காத்துக்கொண்டிருக்காது. தெரிந்த வீட்டில் ஓடுகிற பிளேயர் ஒன்று இருக்கும்போதே கணினியில் பதிந்து, பென்டிரைவில் ஒன்றும் வேறோர் இடத்தில் ஒன்றுமாக இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். போட்டுப் பார்க்கும்போது திரை விகிதம் 4:3இலேயே இருக்கட்டும்.